கராஜ் கதவைத் திறக்க வைத்த இயக்குநர்

அந்தப் பிரபல இயக்குநரை எனக்குப் பிடிக்காது; தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்திருந்தேன். அவருடைய ரசிகரான என் கணவர், "அவரைப் பத்தி பத்து நிமிஷ டாக்குமென்டரிதான், பாரேன்" என்று லிங்க் அனுப்பியிருந்தார்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸில், ஆலன் நகரில். எண்ணெய் வாடை வீட்டுக்குள் தங்கிவிடும் என்று பலகாரமெல்லாம் கார் நிறுத்தும் கராஜில் கேஸ் அடுப்பு வைத்துத்தான் சுடுவேன். அன்று கடுங்குளிர் என்பதால் கராஜ் கதவை மூடிவிட்டு, முறுக்கு பிழிந்தபடி போனில் அந்தப் படத்தை ஓடவிட்டேன். ஆறு வயது மகள் மீனு பக்கத்தில் தமிழ்ப் பள்ளி ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மை ஹெட் ஹர்ட்ஸ்" என்றாள்.

"சாக்கு சொல்லாம எழுதுடி" என்றேன். எனக்கும் தலை கனத்தது, பொருட்படுத்தவில்லை.

போனில் அந்த இயக்குநர் தழுதழுத்தார்: "குளிருதுன்னு செட்டை மூடிட்டுக் கரி அடுப்பு வைக்கச் சொன்னேன். யூனிட்ல தலை வலிக்குதுன்னாங்க. சாக்குன்னு நினைச்சேன். ரெண்டு பேர் மயங்கி விழுந்துட்டாங்க. தப்பு என்னோடதுதான்."

திரும்பிப் பார்த்தேன். மீனு நோட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். கூப்பிட்டும் அசையவில்லை. அடுப்பை அணைத்து, கதவு பட்டனை அழுத்தி, அவளை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன். அவசர உதவிக்கு 911ஐ அழைத்துப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவள் இருமி அழுதாள். அதுவரை என் உயிர் என்னிடம் இல்லை. மூடிய கராஜில் அடுப்பு எரிந்ததால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்திருந்ததாம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துத் தேற்றினார்கள்.

அடுப்பு இப்போது வெட்டவெளிக்குப் போய்விட்டது. கராஜில் அந்த வாயு சேர்ந்தால் ஒலிக்கும் அலாரம் மாட்டியிருக்கிறோம். தன் தப்பைக் கேமரா முன் ஒத்துக்கொண்ட அந்த மனிதரின் படம் டிவியில் வந்தால் நான் முன்போல் எழுந்து போவதில்லை. மீனு தலை வலிக்கிறது என்றால், தமிழ் ஹோம்வொர்க்குக்கான சாக்கு என்று தெரிந்தாலும், முதலில் கதவைத் திறக்கிறேன்.