காத்திருப்போர் கூடத்தில் குடித்தனம்

சலவை ஆலையில் அவளுக்கு மூட்டை என்று பெயர். எங்கே போனாலும் முதுகில் ஒரு பை. கழிப்பறைக்குப் போனாலும் அது கூடவே போகும். "உள்ள என்ன, தங்கமா?" என்று துணி மடிக்கிற பெண்கள் சீண்டுவார்கள். "ஆமா, உங்க கண்ணு படக்கூடாதுன்னுதான்" என்று அவளும் சிரித்து மழுப்புவாள். பையில் இருந்தது இரண்டு பேருடைய குடித்தனம். மாற்றுத்துணி, சோப்புத் துண்டு, தங்கையின் பள்ளிப் புத்தகங்கள்.

பத்தொன்பது வயது அவளுக்கு. அம்மா போன பிறகு மாமா வீட்டில் நான்கு மாதம் தங்கையோடு ஒண்டிக்கொண்டிருந்தாள். மாமா நல்லவர்தான். பல நல்லவர்களைப் போல அவரும் வாயைத் திறக்க மாட்டார். அத்தை திறந்தாள். அன்றைக்கே அக்காவும் பன்னிரண்டு வயதுத் தங்கையும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் பெரிய மருத்துவமனையின் காத்திருப்போர் கூடம். நோயாளிகளின் உறவினர் நூறு பேர் கிடக்கும் இடத்தில் இரண்டு தலைகளை யார் எண்ணப் போகிறார்கள்? குப்பையில் கிடந்த எக்ஸ்ரே கவர் ஒன்று எப்போதும் மூட்டையின் மடியில் இருக்கும். காவலாளி கேட்டால், "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, மூணாவது மாடி." யாருடைய நெஞ்செலும்போ, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும், அதைக் காட்டியே எழுபது நாள் ஓட்டினார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பெஞ்சு மாற வேண்டும். முகம் வாட்டமாக இருக்க வேண்டும். தங்கை சத்தமாகச் சிரிக்கவே கூடாது.

இத்தனை சட்டமும் ஒரே ஒரு பயத்துக்காக. பிடிபட்டால் சின்னவளைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மூட்டைக்கு வயது தாண்டிவிட்டது. கூடப் போக விடமாட்டார்கள். காவலாளியின் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் எக்ஸ்ரே கவரை வெளியே தெரியும்படி நிமிர்த்தி வைப்பாள்.

ஒரு காலை தங்கையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் இவள் ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குள் இருந்துகொண்டே டாக்டரிடம் போகப் பயப்படும் கொடுமையை என்னவென்று சொல்வது? பெயர் கேட்பார்கள், வீடு கேட்பார்கள், பெரியவங்க யாரையாவது வரச் சொல்லு என்பார்கள். மதியத்துக்குள் சின்னவள் பிதற்ற ஆரம்பித்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள். மூட்டை அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

சீட்டு எழுதுகிறவரிடம் மாமா வீட்டு முகவரியைச் சொன்னாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தங்கைக்குக் கட்டில் கொடுத்தார்கள். இவள் கழுத்தில் 'நோயாளியின் துணை' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அட்டையைப் பார்த்துக் காவலாளி ஒதுங்கி வழிவிட்டார். கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி. எழுபது நாளில் முதல்முறையாக அவள் பொய் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா என்ன என்று மூட்டையின் மனதில் ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய மறுகணம் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கூடப் பிறந்தவளுக்கு நோய் நீடிக்க வேண்டும் என்று நினைக்கிற அக்காவும் உண்டா?

நான்காம் நாள் பிற்பகல் நர்ஸ் தங்கையிடம் தெர்மாமீட்டரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். மூட்டை பாத்திரம் கழுவப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது நர்ஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதரசம் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"இவ்வளவு சூடு இருந்தா நீ இப்படி உட்கார்ந்திருக்க மாட்டே பாப்பா" என்றார் நர்ஸ். நுனியை விரலால் தடவிப் பார்த்தார். "காய்ச்சலுக்கு ஏது பாலாடை?"

கட்டிலருகே டம்ளரில் பால் ஆவி பறந்துகொண்டிருந்தது. சின்னவள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். "எதுக்கும்மா இப்படிப் பண்ணே? பள்ளிக்கூடம் போகப் பிடிக்கலையா?" என்று நர்ஸ் கேட்டார்.

"பிடிக்கும்."

"அப்புறம்?"

"காய்ச்சல் போயிடுச்சுன்னா அனுப்பிடுவீங்க. அக்காவுக்கு உட்கார இடம் இருக்காது."

மூட்டையின் கையிலிருந்த பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. இத்தனை நாளும் வாயில் தயாராக இருந்த பொய்களில் ஒன்றுகூட வரவில்லை. மூணாவது மாடியும் வரவில்லை, மாமா வீடும் வரவில்லை.

"எங்களுக்கு வீடு இல்ல" என்றாள். "நான் வேலைக்குப் போறேன். இவளை ஒருநாளும் பட்டினி போட்டதில்ல. பிரிச்சுடாதீங்கக்கா."

நர்ஸ் தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டார். "நான் மேல சொல்லித்தான் ஆகணும்" என்றார். "தெரிஞ்சும் சொல்லாம இருக்க எனக்கு அதிகாரம் இல்ல."

மூட்டை தங்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வார்டு வாசலில் இருந்த போனை எடுத்துக் குழந்தைகள் நல அலுவலகத்தின் எண்களை அழுத்தினார். அவர் பேசுவது மறுகோடியில் இருந்த இவர்கள் கட்டில்வரை கேட்டது.

"ஒரு குழந்தைன்னு எழுதாதீங்க. ரெண்டு பேர்னு எழுதுங்க... பெரியவளுக்கு வயசு தாண்டிடுச்சுன்னு தெரியும். அது உங்க விதி. ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல இடம் கிடைக்கிறவரைக்கும் இங்கயே இருக்கட்டும், டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்... இல்ல மேடம். அக்கா இல்லாம தனியா கூட்டிட்டுப் போறதா இருந்தா இங்க யாரையும் அனுப்பாதீங்க."