பத்து மணி ஐந்துக்குக் கருவியைத் தூக்கியவர்

அன்று காலை ஒன்பதரைக்கு மூன்றாம் குளத்தில் இறால்கள் கரையோரமாக மேலே வந்திருந்தன. மீசைகள் நீருக்கு வெளியே தெரிந்தன. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால்தான் இறால் அப்படி வரும். கொட்டிலுக்குள் நான் எழுதிய புரோகிராம் ஓடிக்கொண்டிருந்த திரையிலோ ஒட்சிசன் ஐந்து தசம் எட்டு என்று இருந்தது. நான்குக்குக் கீழே போனால் நீரைக் கலக்கும் காற்றுச் சக்கரங்கள் தாமாகச் சுழல வேண்டும். அவை அசையாமல் நின்றன.

பண்ணை முந்தலுக்கு அப்பால், உப்புநீர்க் களப்பின் ஓரத்தில் இருக்கிறது. உரிமையாளர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை, எல்லோருக்கும் டீச்சர். குளங்களைப் பார்த்துக்கொள்பவர் உடப்பு என்ற மீனவ ஊரைச் சேர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அண்ணன் என்பேன். அவர் நம்புவது தட்டை. தீன் வைத்த தட்டைக் கயிற்றில் இறக்கி, சற்று நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார். மிச்சம் கிடந்தால் தண்ணீரில் ஏதோ சரியில்லை. உடனே யாரையும் கேட்காமல் சக்கரங்களைப் போட்டுவிடுவார். அளக்காமல் எதையும் செய்வது டீச்சருக்கு ஆகாது. நீருக்குள் நின்று ஒட்சிசனை அளக்கும் கருவி வந்த பிறகு, சக்கரங்களின் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இனி பெட்டியில் கை வைத்தால் உடப்புக்கே போய்விடலாம் என்றும் சொல்லியிருந்தார்.

அண்ணன் தட்டை என் முன்னால் வைத்தார். தீன் ஊறிப்போய் அப்படியே கிடந்தது.

"உங்கட திரை என்ன சொல்லுது, தம்பி?"

"அஞ்சு தசம் எட்டு."

"அப்ப இறாலுக்குத்தான் விசர்."

மூன்று நாளாக மேகமூட்டம். வெயில் ஏற ஏறத்தான் பாசி ஒட்சிசனை விடும். திரையில் கோடு ஏழு மணியிலிருந்து ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரின் சூடும் கூடவே ஏறியது. வெளியே வெயில் இல்லை. திரைக்குள் நல்ல வெயில். இந்த வேலைக்கு வருமுன் பத்திரிகையில் பக்கங்களைச் சரிபார்த்த காலத்தில், படத்தில் விழும் நிழலையும் செய்தியில் சொன்ன நேரத்தையும் ஒத்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. இங்கே இரண்டும் ஒத்துவரவில்லை.

தினமும் பத்து மணிக்குத் தேநீர் குடித்த பிறகு அண்ணன் பலகைப் பாலத்தில் நடந்து போய், கருவியை நீரிலிருந்து தூக்கி, பழைய பல் பிரஷால் பாசியைத் தேய்ப்பார். கருவி காற்றில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு எண் எட்டுக்குத் தாவும். அன்று நான் பேச்சுக் கொடுத்து மறித்ததால் அவர் போகவில்லை. பிரஷ் அவர் கையில் இருந்தது. பத்து மணி ஐந்துக்குத் திரையில் எண் எட்டுக்குத் தாவியது. நான்கு நிமிடம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

இரண்டு பேரும் பாலத்தைப் பார்த்தோம். அங்கே ஒருவரும் இல்லை.

"கழுவியாச்சாம்," என்றார் அண்ணன். அவர் சிரிக்கவில்லை. "ஆர் கழுவினது?"

போய்க் கருவியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். தூக்கினார். எண் அசையவில்லை. ஒட்சிசனே இல்லாத அடிச்சேற்றுக்குள் குத்தச் சொன்னேன். ஆறு என்று காட்டியது.

டீச்சருக்கு அழைப்பெடுத்தேன்.

"அளவு எவ்வளவு இரிக்கி, மகன்?"

"திரையில இருக்கிறது இண்டைக்கு உரிய அளவில்ல, டீச்சர். திறப்பைக் கொண்டு வாங்க."

"இண்டைக்கு இல்லாட்டி எண்டைக்கு?"

சரியான கேள்வி. அப்போது எனக்கு விடை தெரியாது. "கருவியத் தந்ததும் நீங்க, பொய்யெண்டு செல்றதும் நீங்க," என்றார். பிறகு, "வாரன்," என்றார். அவர் வர எப்படியும் அரை மணித்தியாலம் ஆகும்.

அண்ணன் குளத்தைப் பார்த்தார். இப்போது நடுக்குளத்திலும் மீசைகள் தெரிந்தன. அவர் இரும்புக் கம்பியை எடுத்துப் பூட்டில் அடித்தார். மூன்றாவது அடியில் அது விட்டது. "உடப்புக்கு பஸ் இருக்குத்தானே," என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.

சக்கரங்கள் தண்ணீரை அடிக்கும் சத்தத்தில் நான் கணினியின் முன் உட்கார்ந்தேன். ஒரு புரோகிராம் பல வேலைகளை லைப்ரரி எனப்படும் வேறு கோப்புகளிடம் கேட்டு வாங்குகிறது. வேலையின் பெயர் மட்டுமே அதற்குத் தெரியும். தொடங்கும் நேரத்தில் லோடர் என்ற சிறு நிரல் லைப்ரரிகளிடம் வரிசையாகப் போய் அந்தப் பெயரைக் கேட்கும். யாரிடம் முதலில் இருக்கிறதோ அவரே விடை சொல்வார். பின்னால் அதே பெயரோடு இன்னொருவர் நின்றாலும், பிழை என்று எந்தச் செய்தியும் வராது. அவரை எவரும் கூப்பிடவும் மாட்டார்கள். பின்னால் நிற்கும் லைப்ரரி தன்னிடமே உள்ள ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், விடை முன்னால் நிற்பவரிடமிருந்து வரலாம்.

எந்தப் பெயருக்கு யார் விடை சொல்கிறார் என்று பட்டியல் தரும்படி லோடரைக் கேட்டேன். ஒட்சிசனை வாசிக்கும் பெயருக்கு விடை சொன்னது கருவியின் லைப்ரரி அல்ல, திரையில் கோடு வரையும் லைப்ரரி.

அப்போதுதான் நினைவு வந்தது. போன அறுவடைக்குப் பின் குளத்தை வற்றவைத்து வெயிலில் காயப் போட்டிருந்தபோது, பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குத் திரையைக் காட்ட டீச்சர் ஆசைப்பட்டார். வெறும் சேற்றில் அளக்க ஒன்றுமில்லை. முந்தைய பருவத்தில் பதிவான ஒரு நாளை எடுத்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு துண்டை எழுதி, உண்மையான வாசிப்பின் பெயரையே அதற்கும் வைத்து, கோடு வரையும் லைப்ரரிக்குள் போட்டேன். மறைத்து வை என்று சொல்லாவிட்டால் லைப்ரரியின் பெயர்கள் எல்லாம் வெளியே தெரியும். நான் சொல்லவில்லை. அதற்காகக் கழற்றியிருந்த கருவியின் லைப்ரரியை, குளம் நிரம்பியதும் திரும்பச் சேர்த்ததோடு பொய் போய்விடும் என்று எண்ணினேன். வரிசையில் அது இரண்டாவதாக நின்றது. உண்மையை வாசிக்கும் துண்டு இரண்டு மாதமாக நினைவகத்தில் ஏறி, ஒருமுறைகூட அழைக்கப்படாமல் இருந்தது. குஞ்சுகள் சிறிதாக இருந்தவரை குளம் தாங்கியது.

பதிவான அந்த நாளில் நல்ல வெயில். அன்று பத்து மணி ஐந்துக்கு அண்ணன் கருவியைக் கழுவியிருக்கிறார். அதன்பின் தினமும் அதே நிமிடத்தில் கழுவிக்கொண்டிருந்தார், அவர் எங்கே நின்றாலும்.

டீச்சர் வந்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார். போத்தலில் குளத்து நீரை அள்ளி, தான் கொண்டுவந்த மருந்துத் துளிகளை விட்டு, நிறம் மாறும்வரை எண்ணினார்.

"ரெண்டு தசம் ஆறு," என்றார். "சக்கரம் சுத்தியும் இதுதான்."

அன்று செத்தவை இரண்டு கூடை. மற்றவை மாலைக்குள் கீழே இறங்கின. போகும்போது டீச்சர் உடைந்த பூட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "புதுசு வாங்க வாணாம்," என்று அண்ணனிடம் சொன்னார். பெட்டி அதன்பின் பூட்டப்படவில்லை.

அந்தப் பழைய நாளை அழித்தேன். கோடு வரையும் லைப்ரரியின் பெயர்களை எல்லாம் மறைத்து, தேவையான மூன்றை மட்டும் வெளியே விட்டேன். கருவியின் லைப்ரரி தன் பெயர்களைத் தனக்குள்ளேயே தேடும்படி கட்டினேன்.

மறுநாள் பத்து மணி ஐந்துக்குக் கோடு தாவாமல் போனது. பத்து இருபதுக்கு அண்ணன் பாலத்தின் நுனியில் நின்று கருவியைத் தூக்கினார். எண் எட்டுக்குப் போனது.

"இப்ப நானா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஓம்," என்றேன்.

கருவியை நீருக்குள் விட்டார். பிறகு திரும்பவும் தூக்கி, எண் தாவுகிறதா என்று என் முகத்தைப் பார்த்தார்.