தாத்தாவின் பெயரைத் தேடிய இன்னொருவர்

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே தாத்தா வீட்டை விட்டுப் போய்விட்டார். சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு கடிதம்கூட வந்ததில்லை. அதற்கு முன்பு அவர் முத்தியால்பேட்டையில் இருந்து பஞ்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருமுறை அவர் பெயர் பேப்பரில் வந்தது என்பார் அப்பா. எதற்காக வந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அந்தச் செய்தியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

தாத்தாவுக்குச் சாமி பெயர். அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கும் போல. பிரெஞ்சுக்காரர் காலத்துத் தமிழ்ப் பேப்பர்களைப் புரட்டப் புரட்ட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர் ஒருவர். சைக்கிளைத் தொலைத்துவிட்டு விளம்பரம் கொடுத்தவர் ஒருவர். புதிதாக மருந்துக்கடை திறந்தவர் இன்னொருவர். இவர்களில் யாரும் பஞ்சாலைக்காரர் இல்லை.

ஒருநாள் நூலகத்தில் கட்டுகளை எடுத்துத் தரும் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: “நேத்து ஒருத்தரு வந்து இதே பேரத்தான் தேடிட்டுப் போனாருக்கா.”

யார், என்ன வயது என்று கேட்டேன். ஐம்பது இருக்கும், ஹெல்மெட்டை மேசைமேலேயே வைத்திருந்தார், போனில் படம் எடுத்தார், வேறு எதுவும் தெரியாது என்றாள். அன்று சாயந்திரம் தம்பியிடம் சொன்னதும் அவன் சாப்பாட்டில் இருந்து கையை எடுத்துவிட்டான்.

“வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பேர்லதானக்கா இருக்குது. எவனோ வேலய ஆரம்பிச்சிட்டான். நீ வாயத் தொறக்காத, அவன் என்ன பாக்கறான்னு மட்டும் பாரு.”

அடுத்த நாளே அவரைப் பார்த்துவிட்டேன். கறுத்து ஒல்லியான ஆள், மேசைமேல் ஹெல்மெட். நான் உள்ளே நுழைந்ததும் பக்கத்தைக் கையால் மறைத்தார். நானும் என் கைப்பையை எடுத்து மேசைமேல் நிறுத்தி என் பக்கத்தை மறைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, என்ன தேடுகிறேன் என்று அவரே கேட்டார். பழைய சினிமா விளம்பரங்கள் என்றேன். அவர் என்ன தேடுகிறார் என்று கேட்டதற்குப் பழைய புயல் செய்திகள் என்றார். புயல் தேடுகிற ஆள் எதற்குக் கோர்ட்டுச் செய்திகள் இருக்கும் பக்கத்திலேயே விரலை ஓட்ட வேண்டும்?

இப்படியே சில நாள் போயிற்று. கடைசியில் அந்தப் பெண்தான் எங்களைச் சேர்த்து உட்கார வைத்தாள். இரண்டு பேருமே ஒரே வருடத்துக் கட்டைக் கேட்டிருந்தோம். இருப்பது ஒன்றுதான், சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் புரட்டினார். நான் பார்த்தேன். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம் சாராயம் கடத்தப் போனபோது பிடிபட்ட ஆட்களின் பெயர்கள். நடுவில் தாத்தாவின் பெயர். அவர் சட்டென்று தாளைத் திருப்பப் போனார். நான் என்னை அறியாமல் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு?” என்றார்.

“எங்க தாத்தா பேரு.”

“எங்க தாத்தா பேரும் அதான்.”

சும்மா இருக்க முடியாமல் நான்தான் பக்கங்களைத் தள்ளினேன். சில இதழ்கள் கழித்து, கடைசிப் பக்கத்து மூலையில், பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. சாராய வழக்கில் பிடிபட்டவர் வேறு, பஞ்சாலையில் வேலை செய்யும் நான் வேறு, யாரும் என்னைத் தவறாக எண்ண வேண்டாம் என்று அதே பெயரில் ஒருவர் கொடுத்திருந்தார். எங்கள் தெருவின் பெயர் இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே டீக்கடையில் நின்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஊர் கனகசெட்டிக்குளம், எல்லையோரம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருடைய தாத்தா எங்கிருந்தோ வந்து அந்த ஊரில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். சொந்த ஊரைக் கடைசிவரை சொல்லவில்லை. சாராய வழக்கில் ஒருமுறை பேப்பரில் பெயர் வந்தது என்பது மட்டும் வீட்டில் தெரியும். இப்போது படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவருடைய அப்பா, தன் அப்பா எந்த ஊர்க்காரர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

“யாரோ எங்க வீட்டுக்குப் பங்கு கேக்கத்தான் தேடறாங்கன்னு பயந்துட்டேங்க்கா” என்றார். நானும் அதையேதான் நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தன் தாத்தாவின் போட்டோவை என் போனுக்கு அனுப்பி வைத்தார். எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் போட்டோவே கிடையாது.

தம்பி அறிவிப்பை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு இடத்தில் குடும்பம் வைத்திருக்கிற ஆள்தான் இப்படி விளம்பரம் கொடுப்பான் என்றான். அது எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருந்தது. தாத்தாவை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அப்பாவின் அக்காதான். மூலக்குளத்தில் மகன் வீட்டில் இருந்த அத்தையிடம் போய்ப் போனை நீட்டினேன்.

“இவுரு இல்ல” என்றாள்.

கண்ணாடி அவள் மடியில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு பாருங்கள் என்றேன். மாட்டிக்கொண்டாள். நெடுநேரம் பார்த்தாள். மறுபடியும் இல்லை என்றாள். பிறகு, அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அந்த வேன்காரர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அத்தையும் வந்திருந்தாள். முன்பின் தெரியாதவர் வந்தால் வாசலோடு பேசி அனுப்பச் சொல்கிறவள், அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மீனில் முள் எடுத்தே பரிமாறினாள். அவருடைய அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா, யார் குளிப்பாட்டுகிறார்கள், சோறு இறங்குகிறதா என்று ஒன்றுவிடாமல் விசாரித்தாள். அவர் போன பிறகு நேராகவே கேட்டேன்.

“அத்த, நெசத்தச் சொல்லுங்க. அது தாத்தாதான?”

“இல்லன்னு ஒருவாட்டி சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு என்னயும் இட்டுட்டுப் போ.”

முட்டி வலியால் வருடக்கணக்காக எந்த விசேஷத்துக்கும் போகாதவள். கூட்டிப்போனேன். மண்டபத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவள் பார்க்கவே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்த வேன்காரரின் அப்பாவிடம் போய், தான் யார் என்று சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளை யாரோ உறவுக்காரி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தார். நான் பந்திக்குக் கூப்பிட்டபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.

போட்டோவில் இருப்பது நம் தாத்தா இல்லை என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டான். அத்தை என்றேன். நீ நம்புகிறாயா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.