இரண்டாவது ஒட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. எண்பத்தாறாம் ஆண்டு, உப்புவெளியில், வெயில் இருக்கும்போதே நடந்தது. சைக்கிள் திருத்தும் குஞ்சித்தம்பி ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. நாளைக்குத் தருகிறேன் என்று நாலு நாள் இழுத்தடிப்பவன்தான். ஆனால் இதை எத்தனை தடவை சொன்னாலும் ஒரு சொல் மாறாது.

அப்போது மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குப் பிறகு வீதியில் கண்டால் இராணுவம் சுடும். கேள்வி கிடையாது.

புதன்கிழமை. ஐந்து இருபத்தைந்து. சாம்பல்தீவுத் தங்கத்துரை சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார். பின்சக்கரத்தில் காற்று இல்லை.

"கெதியா ஒட்டித் தாங்கோ தம்பி. ஆறு மணிக்கு முன்னம் வீட்ட போகவேணும். பெண்சாதி யோகமலர் பிள்ளைத்தாச்சி, தனிய நிக்கிறா."

குஞ்சித்தம்பி ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கினான். குமிழி வந்த இடத்தில் சதுரமாய் ஓர் ஒட்டுப் போட்டான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். ரயருக்குள் விரலை ஓட்டி, குத்தியது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவனும் ஆறுக்குள் வீடு போக வேண்டுமே! பார்க்கவில்லை. படுக்கையில்தான் நினைவு வந்தது. பிறகு எங்கே தூக்கம்?

வியாழக்கிழமை. ஐந்து இருபத்தைந்து. குனிந்து வேலை செய்தவன் நிமிர்ந்தான். வாசலில் தங்கத்துரை. அதே சட்டை.

"கெதியா ஒட்டித் தாங்கோ. ஆறு மணிக்கு முன்னம் வீட்ட போகவேணும்."

குஞ்சித்தம்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆள் நன்றாய்த்தான் இருக்கிறார்!

"நேற்றுப் போய்ச் சேர்ந்தியளோ அண்ணே?"

தங்கத்துரை சைக்கிளை உள்ளே தள்ளினார். பின்சக்கரம் சுழன்றது. டிக் டிக் என்று கேட்க வேண்டும்... கேட்கவில்லை.

ரியூப் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. தண்ணீரில் அமுக்கினான். புளுக்... புளுக்... தண்ணீர் மெல்லச் சிவந்தது. விரலைப் பார்த்தான். கீறல் இல்லை.

இந்த முறை ரயருக்குள் விரலை ஓட்டினான். ஆணி. துருப்பிடித்த சின்னச் சப்பாத்து ஆணி, செருப்பின் அடிக்கு அடிப்பது. பிடுங்கித் தகர டப்பாவில் போட்டான். டிங்.

"என்ர பிழை அண்ணே. நேற்றே பாத்திருக்கவேணும்."

பூசிய சொலூசன் பசை காய வேண்டும்.

"நேரம் என்ன அண்ணே?"

கை நீண்டது. கை மணிக்கூட்டில் ஆறு பத்து.

சுவர் மணிக்கூட்டில் ஐந்து முப்பத்தெட்டு. வெளியே வெயில்.

தங்கத்துரையின் மணிக்கூட்டு முள் ஓடவில்லை...

நிமிரப் பயம். வட்டமாய் வெட்டிய ஒட்டை அழுத்தினான். ரயரை மாட்டினான். காற்று அடித்தான்.

நிமிர்ந்தான்.

ஆள் இல்லை. சைக்கிளும் இல்லை. காற்றடிக்கும் பம் மட்டும் கையில்...

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. டிக் டிக் டிக். யோகமலரின் அண்ணன் கதிராமன், அதே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"புதன்கிழமை ஆறு பத்துக்கு மச்சானைச் சுட்டுப்போட்டாங்கள். காத்துப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நேற்று மத்தியானம்தான் அடக்கம் செய்தனாங்கள். சைக்கிள் ஆமிச் சென்றிக்குள்ள பூட்டிக் கிடந்தது. இப்பதான் தந்தவங்கள். இதை ஒருக்காப் பாருங்கோ."

குஞ்சித்தம்பி பின்சக்கரத்தை அமுக்கினான். கல்லு மாதிரி இருந்தது.

கழற்றினான். சதுர ஒட்டு. அதன் ஓரத்தில்... வட்ட ஒட்டு.

தகர டப்பாவை எட்டிப் பார்த்தான். ஆணி இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

கதிராமன் வீதியைப் பார்த்தபடி சொன்னார்.

"தங்கச்சிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுது தம்பி. நேற்றுப் பின்னேரம் ஆறுக்கு அஞ்சு நிமிசம் இருக்கேக்க, படலையில சைக்கிள் மணி கேட்டதாம். அவர் நேரத்துக்கு வந்திட்டார் எண்டு திறக்க ஓடினவள்."