மாதா காலடிச் சீட்டு

எங்கள் வீட்டில் மாதாவைக் கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. தண்ணீருக்குப் போர் எந்த மூலையில் போடுவது, என்னை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் சீட்டுத்தான். காலண்டர் தாளைக் கிழித்து, ஒன்றில் ‘செய்யலாம்’ என்றும் இன்னொன்றில் ‘வேண்டாம்’ என்றும் அம்மா எழுதுவாள். இரண்டையும் ஒரே அளவாகச் சுருட்டி, சாயங்கால செபமாலை முடிந்ததும் மாதா சுரூபத்தின் காலடியில் வைப்பாள். காலையில் வீட்டின் கடைசிப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். கடைசிப் பிள்ளை நான். ஒரே பிள்ளையும் நான்தான் என்பதால் போட்டிக்கு ஆளில்லை. எடுக்காத சீட்டைப் பிரிக்காமலே மெழுகுவர்த்தியில் காட்டி எரித்துவிடுவாள். பிரித்துப் பார்த்தால் மாதாவைச் சந்தேகப்பட்டதாகிவிடுமாம்.

எனக்கு உறுத்தியதெல்லாம் அந்த எரிக்கிற வேலைதான். எதற்கு அவ்வளவு அவசரம்?

ஊரில் மற்றவர்கள் மாரியம்மன் கோயிலில் பூ கேட்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள், சீட்டு எடுத்தோம். பங்குச் சாமியாருக்கு இது தெரியவந்து, மாதா ஒன்றும் லாட்டரிக் கடை நடத்தவில்லை என்று பூசைப் பிரசங்கத்திலேயே ஒரு போடு போட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். “அவருக்கு என்னா, புள்ளயா குட்டியா? நமக்கு யாரு வழி சொல்றது?”

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், அப்பா லாரியோடு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மாட்டிக்கொண்டார். பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்கமாக ஒடித்து, பாறையில் உரசி வண்டியை நிறுத்தியிருக்கிறார். காலில் கம்பி வைத்து அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதை ஒரு வீரக்கதையாகவே சொன்னார். “வேற எவனாச்சும் இருந்தா பள்ளத்துல போயிருப்பான். நான் இருக்கப் போயி வண்டி நின்னுச்சு.” நாளாக ஆக இறக்கம் செங்குத்தாகிக்கொண்டே போனது. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஏழு மாதம் கழித்து முதலாளி போன் செய்தார். கால் சரியாகிவிட்டதே, பழையபடி பெங்களூர் லைனுக்கு வா என்றார். அம்மா அன்றைக்கே சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டாள். “போவாதீங்க. கஞ்சி குடிச்சாலும் வூட்டோட கெடப்போம்” என்று அழுதாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, “போவாம என்னா? ஆம்பள வூட்டுலயே ஒக்காந்திருந்தா ஊரு என்னா சொல்லும்?” என்றார். கடைசியில் வழக்கம்போல மாதாவைக் கேட்பது என்று முடிவாயிற்று.

நான் யார் கட்சி என்று சொல்லிவிடுகிறேன். நான் லாரி கட்சி. லாரிக்குப் போகிற அப்பா ஓசூர் பக்கத்துத் திராட்சை கொண்டு வருவார், பள்ளிக்கூடத்தில் என்னை ‘டிரைவர் மவ’ என்று மதிப்பாகச் சொல்வார்கள். வீட்டில் இருக்கிற அப்பா வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். ஏழாம் வாய்ப்பாட்டோடு என் பொறுமை தீர்ந்துவிட்டது.

காலையில் கண்ணை மூடி, ‘மாதாவே, போகலாம்னு குடு’ என்று மனசுக்குள் கெஞ்சியபடி எடுத்தேன். பிரித்தால் ‘வேண்டாம்’. அம்மா தரையில் விழுந்து கும்பிட்டு விசும்பினாள். அப்பா உடனே முதலாளிக்குப் போன் போட்டார். குரல் கணீரென்று இருந்தது. “எனக்கு ஒண்ணுமில்லீங்க. நாளைக்கே வண்டி எடுத்துருவேன். வூட்டுல மாதா உத்தரவு குடுக்கலீங்க, என்னா பண்றது?”

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. அம்மா ஓடினாள். மீந்திருந்த சீட்டை லபக்கென்று எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன்.

அதிலும் ‘வேண்டாம்’.

அடிப்பாவி! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முதல் நாளிலிருந்தே போகக்கூடாது என்று அழுதவள் அவள்தானே? எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை சீட்டில் இந்த வேலை செய்தாளோ! சந்தேகப்பட்டது ஒன்றும் தப்பில்லை என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்பாவுக்கு நியாயம் வாங்கிக் கொடுக்கப் புறப்பட்டேன்.

அவர் பின்கட்டில் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன். “பாருப்பா. அம்மா மாதாவையே ஏமாத்திருச்சு.”

வாங்கிப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“எழுதுனது உங்கம்மா இல்ல கண்ணு. நேத்து அவ கையெல்லாம் மாவு. என்னைய எழுதச் சொன்னா.”

“அப்பறம் ஏம்ப்பா ரெண்டுலயும்…”

“வெளிச்சம் பத்தல. தப்பா எழுதிட்டேன்.”

டியூப்லைட் எரியும்போது என்ன வெளிச்சம் பத்தவில்லை? நான் முறைத்தேன். அவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, “அம்மாகிட்ட சொல்லாத” என்றார்.

அதன்பின் அப்பாவை நான் நம்பவில்லை. லாரியில் போகச் சோம்பேறித்தனம், பழியை மாதா தலையில் போட்டுவிட்டார், இதுதான் என் தீர்ப்பு. அவர் மாங்கூழ் கம்பெனியில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்து, சாயங்காலம் வந்து வாய்ப்பாடு கேட்டபோது அந்தத் தீர்ப்பு இன்னும் உறுதியானது. செபமாலைக்கு அவர் முட்டி போட்டால் நான் ஒரு கண்ணைத் திறந்து கவனிப்பேன்.

அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். என் பாவங்கள் இரண்டு மூன்றுதான் தேறின. அவற்றை விறுவிறுவென்று சொல்லி முடித்து, அசல் விஷயத்துக்கு வந்தேன். அப்பா இரண்டு சீட்டிலும் ‘வேண்டாம்’ என்று எழுதிய கதையை ஒன்றுவிடாமல் சாமியாரிடம் ஒப்பித்தேன். லாட்டரிக் கடை என்று கத்தியவராயிற்றே, இன்றைக்கு அப்பாவுக்கு இருக்கிறது கச்சேரி என்று காத்திருந்தேன்.

எங்களுக்கு நடுவில் இருந்த சல்லடைத் தடுப்பை ஒட்டிச் சாமியார் குனிந்தார். பிறகு, “அப்பா இப்ப எப்படிம்மா இருக்காரு?” என்று கேட்டார்.

“நல்லாத் தூங்கறாரு சாமி. முன்ன மாதிரி தூக்கத்துல கத்தறதில்ல.”

“சரி. அவருக்காக ஒரு அருள்நிறைந்த செபம் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

பாவம் செய்தது அவர், செபம் சொல்வது நானா? இதென்ன நியாயம்! சாமியாரும் அப்பாவும் கூட்டு என்று சந்தேகப்பட்டு, அந்த செபத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவிடமோ முதலாளியிடமோ என்னிடமோ பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வராத மனிதர், மாதாவிடம் மட்டும் அதை இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, கள்ளச் சீட்டு என்று அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன்.