டீச்சர் பக்கத்து சீட்டு

சீட்டு காலியாக இருக்கும்போது நிற்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். வழியை அடைத்து நின்றால் டிக்கெட் போட எங்கே புகுவது? இதில் என்னை அதிகம் கடுப்பேற்றியது பிரிஸ்கில்லா டீச்சருக்குப் பக்கத்து சீட்டுதான்.

டீச்சர் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிகளைப் படிக்கவைத்துக் கரையேற்றினார். அவர்கள் கோயம்புத்தூர், சென்னை என்று போய்விட்டார்கள். தொண்ணூற்றாறில் அம்மாவும் இறந்தபின் சின்னாளப்பட்டி வீட்டில் ஒற்றை ஆள். சாயங்கால வண்டியில் இடப்பக்கத்து இருவர் சீட்டில் ஜன்னலோரம் உட்காருவார். மற்ற பெண்கள் பையைப் பக்கத்தில் வைத்து இடம் பிடிப்பார்கள். டீச்சரோ பரீட்சைப் பேப்பர் திணித்த கனத்த பையை மடியிலேயே வைத்திருப்பார். யாராவது வந்து உட்காரட்டும் என்றுதான்.

யாரும் உட்கார மாட்டார்கள். ஏறுவதில் பாதி அவரிடம் படிக்கிற பிள்ளைகள், மீதி படித்து முடித்தவர்கள். டீச்சருக்குச் சமமாக உட்காருவதா என்று மரியாதை, ஏதாவது கேள்வி கேட்டுவிடுவாரோ என்று பயம்.

ஒருநாள் கீர்த்தனா என்கிற பிள்ளை கம்பியைப் பிடித்து நின்றபடி தோழிக்குப் பாடம் சொன்னது. மறுநாள் அவர்களுக்குப் பரீட்சை.

"ஆர்பிட்டால்னா எலக்ட்ரான் உக்கார்ற ரெண்டாளு சீட்டுன்னு வச்சுக்கடி. மூணு ஆர்பிட்டாலும் ஒரே ஆற்றல்ல இருந்தா, எலக்ட்ரான் மொதல்ல ஆளுக்கொண்ணுல ஒண்டியா போயி உக்காரும்டி. ஒண்ணையொண்ணு தள்ளும்ல, அதான். மூணும் ரொம்புனபெறகு நாலாவது வந்தாத்தான் ஜோடி சேரும். டீச்சர் நம்ம பஸ்ஸத்தான் உதாரணம் சொன்னாங்க. காலி சீட்டு இருக்கிற வரைக்கும் யாரும் அடுத்தாளு பக்கத்துல உக்காருறதில்லேல்ல."

என் பஸ் பாடமாகிவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப டீச்சர் பக்கத்துல போயி உக்காரு தாயி. மத்ததெல்லாம் ரொம்பிருச்சுல்ல," என்றேன்.

"ஐயோ, நான் நிக்கிறேண்ணே," என்று கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

டிக்கெட் போட டீச்சரிடம் போனபோது, "உங்க விதி நம்ம பஸ்ல பலிக்கலையே டீச்சர்," என்று கிண்டலாகச் சொன்னேன்.

"விதி சரிதான் கருப்பணன். எலக்ட்ரானுக்கு டீச்சர்னு பயம் கெடையாது," என்று சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பள்ளிக்கூடம் விட்டா, மறுநாள் மணியடிக்கிற வரைக்கும் நான் பேசுறது உங்ககிட்ட மட்டுந்தான். அதுவும் 'சின்னாளப்பட்டி ஒண்ணு'ன்னு," என்றார்.

வழக்கமாக வருகிறவர் என்று, பல நாள் அவர் கேட்கும் முன்பே டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிடுவேன். அன்றிலிருந்து அதை விட்டுவிட்டேன். அவர் வாயால் சொல்லட்டும் என்று நிற்பேன்.

அவர் ஓய்வுபெறப்போகும் வருடம், இரண்டாயிரத்து நாலு. பூ மார்க்கெட்டில் விற்றுத் தீர்த்த ஒரு அம்மா வெறுங்கூடையோடு கொடைரோட்டுக்கு ஏறியது. டீச்சரை அதற்கு முன்பின் தெரியாது.

"செத்த தள்ளிக்க தாயி," என்று பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தது. மல்லிகை விலை, மருமகள் பேசாமல் இருப்பது, முழங்கால் வலி என்று ஒன்றுவிடாமல் சொன்னது. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். பாதி வழியில் அந்த அம்மா தூங்கிப்போய் டீச்சர் தோளில் சாய்ந்துவிட்டது.

சின்னாளப்பட்டி வந்து வண்டி நின்றது. இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டார்கள். டீச்சர் அசையவில்லை.

"டீச்சர், உங்க ஸ்டாப்பு," என்றேன் பக்கத்தில் போய்.

"மெதுவாப் பேசுங்க, முழிச்சுக்கப் போறாங்க," என்றார். தோளை அசைக்காமல் கையை மட்டும் நீட்டினார். "கொடைரோடு ஒண்ணு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். விசில் ஊதாமல் டிரைவரிடம் நடந்துபோய், போகலாம் என்று கையைக் காட்டினேன்.