தாடைக்குள் ஒரு வெறுங்குழி

மோவாயை ஒரு தட்டில் வைத்து, முன்பல்லால் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கடித்தபடி அசையாமல் நிற்கச் சொன்னார்கள். இயந்திரம் என் தலையைச் சுற்றி வந்து எக்ஸ்ரே படம் எடுத்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஷெல் குண்டுச் சத்தம் கேட்டாலே ஓடிப் பழகிய பிள்ளையிடம் அசையாதே என்றால் நடக்கிற காரியமா? ஆனாலும் நின்றேன். கதவுக்கு வெளியே அம்மா நின்றாள், அந்தத் தைரியம்தான்.

என் வலது கன்னம் வீங்கிக்கொண்டு வந்ததால், வன்னியிலிருந்து வெளியேறப் பாஸ் எடுத்து, கொழும்புக்கு வந்திருந்தோம். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை. அங்கே எங்களுக்கு முந்தி வந்திருந்தவர்கள் அம்மாவுக்குச் சொன்ன முதல் புத்தி இதுதான்: "ஷெல், காயம் எண்டு ஒருத்தரிட்டையும் வாய் திறந்திடாதேங்கோ. பிறகு புலியோ எண்டு பொலிஸ் வந்து துருவும்." அம்மா என்னிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள்.

டொக்டர் சிங்களவர். தமிழைச் சொல் சொல்லாகத் தேடிப் பேசுவார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, தாடை எலும்பில் பல் வேர்களுக்கு நடுவே கறுப்பாகத் தெரிந்த குழியைக் காட்டினார்.

"அம்மா, பிள்ளை விழுந்ததா? முகத்தில அடி பட்டதா?"

"இல்லை டொக்டர். ஒண்டும் நடக்கேல்லை."

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் இல்லை என்றாள். அடி படவில்லையென்றால் இது கட்டியாக இருக்கலாம், அந்தப் பக்கத் தாடையை வெட்டி எடுக்க வேண்டியும் வரலாம் என்றார். அம்மாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சொல்லித் துலையேன் அம்மா, என்று மனதுக்குள் கத்தினேன்.

அம்மா திரும்பிக் கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது.

"அடி பட்டது. நான்தான் தள்ளினனான்" என்றாள். "ஷெல் வந்தது. இவளைப் பங்கர்க் குழிக்குள்ள தள்ளிவிட்டனான். வாசல் மரக்குத்தியில தாடை அடிபட்டது. திரும்பிச் சின்னவனைத் தூக்கப் போனன்..."

தம்பி செத்த பிறகு அவனைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றைக்குத்தான். பொலிசுக்குப் பயந்துதான் மறைக்கிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். எவ்வளவு மொக்குப் பிள்ளை நான்!

டொக்டர் பேனாவை எடுத்தார். "விழுந்தது என்று மட்டும் எழுதுகிறேன்" என்றார். பிறகு என் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அடி பட்ட எலும்புக்குள் இரத்தம் கட்டி, அது வற்றிப்போன பிறகு சில பிள்ளைகளுக்கு இப்படி வெறுங்குழி விழுவதுண்டாம். சின்னதாகத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அடுத்த கிழமை திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. தாடை தப்பியது.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் பல் வைத்தியர் எடுத்த படத்தில் அந்தக் குழி இருந்த இடமே தெரியவில்லை. எலும்பு தானாக நிரம்பிவிட்டது. அம்மாவோ கடைசிவரை தேறவேயில்லை.

அம்மா உண்மையைச் சொன்ன அன்று, காலிக்குப் போகிற பெருவீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, என் கன்னத்தைத் தொட்டுக் கேட்டாள்.

"அண்டைக்குத் தள்ளேக்க உனக்கு நல்லா நொந்ததோ, பிள்ளை?"

"இல்லையம்மா" என்றேன்.

உயிர் போகிற மாதிரி நொந்தது.